அடுத்த வியாழன் காங்கிரீட்: டிபி எங்கே, நெட் வயர் எப்படி?

கேள்வி: திருச்சி வயலூர் ரோடு பக்கம் வீடு கட்டுகிறோம். கீழே 1,150 சதுர அடி, மாடியில் 900. கீழ்த்தளக் கூரைக்கு சென்ட்ரிங் முடிந்து கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அடுத்த வியாழக்கிழமை காங்கிரீட். வயரிங் எடுத்திருப்பவர், "ஒரே டிபி (கரண்டைப் பிரித்துவிடும் பெட்டி) போதும் சார், நெட்டுக்கு வைஃபை இருக்கே, எதுக்கு வயர்? வேணும்னா கரண்ட் பைப்லயே சேர்த்து இழுத்துடலாம்" என்கிறார். மாமனார், மெயின் போர்டு அக்கினி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். மூன்று ஏசி, இரண்டு கீசர், இண்டக்ஷன் அடுப்பு வரும். மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை. பின்னால் சோலார் போடவும் மின்சாரக் கார் வாங்கவும் எண்ணம். சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா? டிபியில் என்னென்ன வேண்டும்? இப்போதே முடிவு செய்ய வேண்டியது எது?

பதில்:

கடைசியாகக் கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு நாள் இல்லை. டிபிக்குள் என்ன எம்சிபி (சுமை மீறினால் தானே ஆஃப் ஆகிற சுவிட்ச்), எந்தக் கம்பெனி சுவிட்ச், எத்தனை ஜிபி நெட் என்பதையெல்லாம் பால் காய்ச்சும் வரைக்கும் மாற்றிக்கொண்டே இருக்கலாம், குடிபோன பிறகும் மாற்றலாம். மாற்ற முடியாதது பைப் போகும் வழி மட்டும்தான். வியாழக்கிழமை சாயங்காலத்துக்கு மேல் அந்தக் கூரைக்குள் ஒரு அடி பைப்பைக்கூட நுழைக்க முடியாது, அப்புறம் சுவரில் காடி வெட்டுவது, பீமைத் துளைக்கலாமா என்று இன்ஜினீயரிடம் கெஞ்சுவது, கடைசியில் வெள்ளைப் பட்டை ஒட்டி வெளியே இழுப்பது என்று போகும். ஆகவே இந்த வாரம் கடை கடையாக ஏறி சுவிட்ச் பார்க்க வேண்டாம். பிளான் காகிதத்தை ஜெராக்ஸ் எடுத்து, கட்டில் எங்கே, டிவி எங்கே, மனைவியின் மேஜை எங்கே, பிரிட்ஜ் எங்கே என்று பென்சிலால் போடுங்கள். அதன்மேல் கரண்ட் பைப்பைச் சிவப்பிலும் நெட் பைப்பை நீலத்திலும் வரையுங்கள். அது முடியவில்லை என்றால் காங்கிரீட்டை இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள். மேஸ்திரி கோபப்படுவார், பரவாயில்லை.

கூரைக்குள் போகிற பைப் 25 மில்லிமீட்டர், ஐஎஸ்ஐ முத்திரை உள்ள கனமான ரகமாக இருக்கட்டும். 20 போட்டால் கொஞ்சம் மிச்சமாகும், ஆனால் பின்னால் ஒரு வயர் கூடுதலாக இழுக்க வேண்டி வரும்போது அந்த மிச்சம் காணாமல் போகும். அடிக்கம்பிக்கு மேலே வைத்துக் கட்டுக்கம்பியால் கட்ட வேண்டும், அடியில் தள்ளிவிடக் கூடாது. முட்டு எல்போ போடாமல் நீண்ட வளைவு உள்ள பெண்ட் போடச் சொல்லுங்கள். எல்லா வாயையும் அடைக்க வேண்டும், இல்லையென்றால் சிமெண்ட் பால் இறங்கி உள்ளேயே கல்லாகிவிடும். காங்கிரீட் அன்றைக்கு வயரிங் ஆள் ஒருவர் காலையிலிருந்து கடைசிச் சட்டி வரை தளத்தில் நிற்க வேண்டும் என்று இப்போதே பேசிவிடுங்கள், வைப்ரேட்டர் பட்டும் ஆட்கள் மிதித்தும் பைப் விலகுவது, உடைவது எல்லாம் அன்றைக்குத்தான் நடக்கும், உடனே ஒட்டினால் இரண்டு நிமிட வேலை. காங்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் கூரை முழுவதையும் டேப் விரித்து வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து ஃபால்ஸ் சீலிங்குக்கு டிரில் பிடிக்கிறவர் உங்களை வாழ்த்துவார்.

சரி, பேஸ் விஷயம். நீங்கள் சொன்னதை வைத்து ஒரு கணக்கு போட்டேன். ஒன்றரை டன் ஏசி ஒன்று சுமார் 1.6 கிலோவாட் என்று வைத்தால் மூன்றுக்கு 4.8. கீசர் இரண்டு, 4. இண்டக்ஷன் 2. சுடுதண்ணீர் போட்டுத் துவைக்கிற வாஷிங் மெஷின் 2. மோட்டார் 1. அயர்ன் பாக்ஸ், மைக்ரோவேவ், பிரிட்ஜ், லைட், ஃபேன், டிவி எல்லாம் சேர்த்து மூன்றரை. மொத்தம் 17 கிலோவாட்டைத் தாண்டுகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது, பாதி ஓடும் என்றாலும் எட்டரை கிலோவாட், சிங்கிள் பேஸில் அது 37 ஆம்பியர். அதே சுமையை மூன்று பேஸுக்கும் ஒழுங்காகப் பிரித்தால் ஆளுக்கு 12, 13 ஆம்பியர். யோசிக்கவே வேண்டாம், த்ரீ பேஸ். ஆனால் த்ரீ பேஸ் வாங்கிவிட்டு மூன்று ஏசியையும் ஒரே பேஸில் தொங்கவிட்ட வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், டிபியில் எது பக்கத்தில் இருந்ததோ அதில் மாட்டியிருப்பார்கள். மூன்று ஏசிக்கு மூன்று பேஸ், இரண்டு கீசரும் வேறு வேறு பேஸ், கீசரும் இண்டக்ஷனும் ஒன்றில் வேண்டாம், ஏனென்றால் காலை ஏழு மணிக்கு இரண்டும் சேர்ந்துதான் ஓடும்.

நம் ஊரில் ஒரு பேஸ் போனால் இன்னொன்றுக்குத் திருப்பிக்கொள்ள பேஸ் செலக்டர் போடுவது வழக்கம். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், மே மாதத்தில் நானே என் வீட்டில் திருப்பியிருக்கிறேன். லைட், ஃபேன், பிரிட்ஜ் வரைக்கும் போட்டுக்கொள்ளுங்கள். ஏசியையும் கீசரையும் அதில் சேர்த்தால் பிரித்து வைத்த சுமை முழுக்க ஒரே பேஸில் வந்து உட்காரும்.

மாமனார் விஷயத்துக்கு வருவோம். அவரோடு சண்டை போட வேண்டாம். மீட்டரும் மெயினும் வெளிச்சுவரில் தென்கிழக்கில் இருக்கட்டும், கணக்கெடுக்க வருகிறவருக்கு எட்டினால் போதும், மழைச்சாரல் நேரே அடிக்காமல் இருந்தால் போதும். அக்கினி மூலை மரியாதை அதோடு தீர்ந்தது. வீட்டுக்குள் இருக்கிற டிபி வேறு விஷயம். அது நடுவீட்டுக்குப் பக்கத்தில், மாடிப்படி சுவர் மாதிரி ஓரிடத்தில், நின்றபடி கண்ணுக்கு நேரே வருகிற உயரத்தில் இருக்க வேண்டும். அலமாரிக்குள் வேண்டாம், திறந்த கதவுக்குப் பின்னால் வேண்டாம், பாத்ரூம் சுவரின் முதுகில் வேண்டவே வேண்டாம். அதை மறைக்க காலண்டர் மாட்டுவதும், எதிரே செருப்பு ஸ்டாண்டு வைப்பதும் குடிபோன பிறகு நீங்கள் செய்யப்போவது, அதற்கு நான் பொறுப்பில்லை. இருட்டில், புகை வரும்போது, உங்கள் மனைவி பத்து நொடியில் கை வைக்க முடிகிற இடமா என்று மட்டும் பாருங்கள்.

ஒரே டிபி போதும் என்பதை ஏற்க மாட்டேன். மாடிக்கு இன்னொன்று வேண்டும். ஒரே டிபி என்றால் மாடி சர்க்யூட் ஒவ்வொன்றுக்கும் கரண்ட் போகிற பேஸ் ஒன்று, திரும்பி வருகிற நியூட்ரல் ஒன்று என்று இருபதுக்கு மேல் வயர் ஒரே குழலில் ஏற வேண்டும். அது இறுகி, சூடாகி, பின்னால் ஒன்றைக்கூட மாற்ற முடியாமல் போகும். மாடியில் ஒரு சின்ன டிபி வைத்தால் மூன்று பேஸ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த், எல்லாம் 6 ஸ்கொயர் எம்எம், ஐந்தே வயர்தான் ஏறும். மாடியில் ஏதாவது எம்சிபி விழுந்தால் ராத்திரி இரண்டு மணிக்குக் கீழே இறங்க வேண்டியதும் இல்லை.

டிபிக்குள் போவோம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியது நியூட்ரலைப் பற்றி. எம்சிபியைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், நியூட்ரலைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் என்னிடம் வருகிற புகாரில் பாதி அதில்தான் முடிகிறது.

ஆர்சிசிபி என்கிற சாமான் செய்கிற வேலை ஒரு கணக்குப்பிள்ளை வேலை. பேஸ் வழியாக எவ்வளவு போயிற்று, நியூட்ரல் வழியாக எவ்வளவு திரும்பி வந்தது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். போனதும் வந்ததும் சமமாக இருந்தால் சும்மா இருக்கும். வித்தியாசம் வந்தால், அதாவது கொஞ்சம் கரண்ட் யாரோ ஒருவர் உடம்பு வழியாகவோ கீசரின் இரும்பு உடல் வழியாகவோ தரைக்குப் போகிறது என்றால், டப்பென்று விழும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ரகம். நூறு, முன்னூறு என்று கடையில் கொடுப்பார்கள், அது தீ விபத்துக்கான காவல், ஆளைக் காப்பாற்றாது.

இப்போது ஒரு சர்க்யூட்டின் பேஸ் ஒரு ஆர்சிசிபி வழியாகப் போய், அதன் நியூட்ரல் வேறொரு ஆர்சிசிபி வழியாகத் திரும்பினால் என்ன ஆகும்? இரண்டு கணக்கும் உதைக்கும், இரண்டும் விழும். தஞ்சாவூர் பக்கம் ஒரு புது வீட்டில் தினமும் சாயங்காலம் ஆறரைக்கு ஆர்சிசிபி விழுந்துகொண்டிருந்தது என்று கூப்பிட்டார்கள். வயரிங் செய்தவர் இரண்டு ஆர்சிசிபி மாற்றிப் பார்த்துவிட்டு, மூன்றாவது தடவை அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துப் போய்விட்டார், "சாமான் சரியில்லை" என்று. நான் போய் ஒன்றரை நாள் தேடினேன். பூஜை அறை விளக்குக்குப் பேஸ் இன்வெர்ட்டர் லைனிலிருந்து, நியூட்ரல் பக்கத்துச் சுவிட்ச் பாக்ஸில் கைக்குக் கிடைத்த ஏசி பிளக்கிலிருந்து. சாயங்காலம் விளக்கு போட்டதும் விழுந்தது. சாமான் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் நான்கு மாதம் எந்தக் காவலும் இல்லாமல் கீசரில் குளித்திருக்கிறார்கள்.

அதனால் உங்கள் ஆளிடம் எழுதி வாங்க வேண்டியது இதுதான்: ஒவ்வொரு எம்சிபிக்கும் தனிப் பேஸ் வயர், அதோடு தனி நியூட்ரல் வயர், இரண்டின் நுனியிலும் ஒரே நம்பர். சுவிட்ச் பாக்ஸுக்குள் ஒரு சர்க்யூட்டின் நியூட்ரலை இன்னொன்றுக்குக் கடன் கொடுக்கக் கூடாது. வயர் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், கொடுத்துவிடுங்கள்.

பெட்டியைப் பொறுத்தவரை கடையில் 'பெர் பேஸ் ஐசொலேஷன்' டிபி என்று கேளுங்கள். மெயினுக்கு நான்கு போல் (மூன்று பேஸும் நியூட்ரலும் சேர்ந்து ஆஃப் ஆகிற) 40 ஆம்பியர் எம்சிபி, அதன் பிறகு பேஸுக்கு ஒரு ஆர்சிசிபி, ஒவ்வொன்றுக்கும் தனி நியூட்ரல் பார், அதாவது நியூட்ரல் வயர்கள் வந்து சேரும் பட்டை. கீசரில் கசிவு வந்தால் அந்தப் பேஸ் மட்டும் விழும். வீடு முழுக்க நான்கு போல் ஆர்சிசிபி ஒன்றே ஒன்று போட்டால் ஒரு கீசருக்காக எல்லாம் இருட்டாகும், இருட்டான வீட்டில் ஆர்சிசிபியைக் கழற்றச் சொல்கிற குரல் சீக்கிரம் வரும். கீழ்த்தளத்துக்கு 8 வே, அதாவது பேஸுக்கு 8 வீதம் 24 எம்சிபி பிடிக்கிற பெட்டியாக வாங்குங்கள். கால்வாசி காலியாக இருக்கட்டும். பிரிட்ஜை மட்டும் தனி ஆர்சிபிஓவில் போடுவது என் பழக்கம், அது எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒன்றாகச் சேர்ந்தது. ஊருக்குப் போயிருக்கும்போது வேறெதற்காகவோ பேஸ் விழுந்து, திரும்பி வந்து பிரிட்ஜைத் திறந்த அனுபவம் ஒரு தடவை போதும்.

இன்வெர்ட்டருக்கு என்று லைட், ஃபேன், நெட் பெட்டி, டிவி எல்லாவற்றையும் ஒரு தனிக் குழுவாகப் பிரித்து, அதற்குத் தனி ஆர்சிசிபியும் தனி நியூட்ரல் பாரும் கொடுங்கள். இன்வெர்ட்டர் உட்காரும் இடத்தை இப்போதே முடிவு செய்து, அங்கிருந்து டிபிக்குப் போகவும் வரவும் 25 எம்எம் பைப் இரண்டு விடுங்கள். காற்றோட்டமான இடமாக இருக்கட்டும், பேட்டரி கட்டிலுக்கு அடியில் வேண்டாம்.

வயர் அளவு சொல்கிறேன், இதில் பேரம் கிடையாது. லைட், ஃபேனுக்கு 1.5 வயர், 10 ஆம்பியர் எம்சிபி. சாதாரண பிளக்குக்கும் கிச்சன் பிளக்குக்கும் 2.5, அதற்கு 16. ஏசி, கீசருக்கு 4, அதற்கு 20. ஏசிக்கும் மோட்டாருக்கும் எம்சிபி 'சி' ரகம், ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கிற கரண்டுக்கு விழாது. எம்சிபி காப்பாற்றுவது வயரை, ஏசியை அல்ல. இதைப் புரிந்துகொள்ளாமல், ஏசி போட்டால் 16 விழுகிறது என்று 2.5 வயரில் 32 ஆம்பியரை மாட்டிய கைங்கரியத்தை நான் பார்த்திருக்கிறேன், அப்புறம் அது விழவே இல்லை, சுவருக்குள் வயர்தான் உருகியது. எம்சிபி விழுந்தால் பெரியதாக மாற்றுகிறேன் என்று யார் சொன்னாலும், வயர் என்ன அளவு என்று திருப்பிக் கேளுங்கள்.

த்ரீ பேஸில் ஒரு ஆபத்து உண்டு, சொல்லியே ஆக வேண்டும். வெளியே கம்பத்திலோ மெயினிலோ நியூட்ரல் அறுந்தால், இரண்டு பேஸுக்கு நடுவே இருக்கிற 415 வோல்ட், உங்கள் டிவியும் பக்கத்து அறை பிரிட்ஜும் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும்படி ஆகிவிடும், அதில் லேசான சாமானுக்குப் பெரிய பங்கு. "நியூட்ரல் போயிடுச்சு, தெருவுல எல்லா டிவியும் போச்சு" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது இதுதான். வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் தானே துண்டிக்கிற ரிலே ஒன்றை மெயினுக்குப் பக்கத்தில் போடுங்கள். இடி மின்னலுக்கு டைப் 2 சர்ஜ் அரெஸ்டர் வேறு, அது கண நேர உதையை வாங்கி எர்த்துக்குத் தள்ளும், அறுந்த நியூட்ரலுக்கு உதவாது. நியூட்ரலில் ஃப்யூஸோ தனி எம்சிபியோ போடக் கூடாது, ஆஃப் ஆனால் நான்கும் சேர்ந்து ஆஃப் ஆக வேண்டும்.

எர்த் குழி இரண்டு. லைட் பாயிண்டுக்கும் ஃபேன் பாக்ஸுக்கும்கூட பச்சை வயர் போக வேண்டும், பிளக்குக்கு மட்டும் போட்டு நிறுத்திவிடுவார்கள். ஆர்சிசிபி இருக்கிறதே எர்த் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: எர்த் இருந்தால் கீசரில் கசிவு வந்த உடனே விழும், எர்த் இல்லையென்றால் நீங்கள் தொட்ட பிறகு விழும்.

சோலாருக்கு இப்போது செலவில்லை, மொட்டை மாடியிலிருந்து மீட்டர் இடம் வரைக்கும் 40 எம்எம் பைப் ஒன்றைக் காலியாக இறக்கி, உள்ளே நைலான் கயிறு விட்டு இரண்டு வாயையும் மூடிவிடுங்கள். கீழ்த்தளக் கூரையில் அதற்கு ஓட்டை விட வேண்டும், மறந்துவிடாதீர்கள். 2024-ல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டோ அதற்கு மேலோ போட்டால் 78,000 ரூபாய் மானியம் என்று வைத்தார்கள், என்றைக்கு மனசு வருகிறதோ அன்றைக்குப் பைப் தயாராக இருக்கும். காருக்கு, டிபியிலிருந்து போர்ட்டிகோ வரை 6 ஸ்கொயர் எம்எம் இழுத்து, 32 ஆம்பியருக்கு டிபியில் இடம் விட்டு வையுங்கள். காரோடு வருகிற 16 ஆம்பியர் சார்ஜரே மணிக்கணக்கில் 3 கிலோவாட்டுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கும், அயர்ன் பாக்ஸ் மாதிரி பத்து நிமிஷ வேலை இல்லை, லூசான பிளக் இருந்தால் கருகிவிடும். அந்த லைனுக்கு ஆர்சிசிபி 'ஏ' ரகம் கேட்டு வாங்குங்கள், சாதாரண 'ஏசி' ரகம் சார்ஜர் மாதிரி எலக்ட்ரானிக் சாமானின் கசிவைச் சரியாகப் பிடிக்காது.

இனி நெட். வைஃபை இருக்கே என்கிறவர் தப்பாகச் சொல்லவில்லை, வைஃபை வேண்டும்தான். ஆனால் வைஃபை என்பது கடைசிப் பத்தடிக்கான ஏற்பாடு. அந்த வைஃபை பெட்டி வரைக்கும் நெட்டைக் கொண்டுபோவது வயர். உங்கள் வீட்டில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கம்பி போட்ட காங்கிரீட் கூரையும் இருக்கிறது, வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் இரண்டைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். ஹாலில் டிவி பக்கத்தில் ஒரு ரவுட்டர் தொங்கும், மாடி அறையில் உங்கள் மனைவி மீட்டிங்கில் "கேக்குதா, கேக்குதா" என்று கொண்டிருப்பார். ரிப்பீட்டர் வாங்கி அடுக்குவதைவிட கீழே ஒரு சீலிங்கில், மேலே ஒரு சீலிங்கில், வயர் வந்து முடிகிற ஆக்ஸஸ் பாயிண்ட் (வைஃபை வீசுகிற பெட்டி) இரண்டு வைத்தால் முடிந்தது. கீழ்த்தளத்து சீலிங் பாயிண்டுக்கான பாக்ஸ் வியாழக்கிழமை கூரைக்குள் போக வேண்டும்.

கரண்ட் பைப்பிலேயே சேர்த்து இழுக்கலாம் என்றாரே, அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். குறுக்கீடு வந்து வேகம் குறைவது சின்னக் காரணம். பெரிய காரணம், இழுக்கும்போது ஒரு இடத்தில் உரசி 230 வோல்ட் அந்த நெட் வயரில் ஏறினால், அதன் மறுமுனை உங்கள் பிள்ளையின் லேப்டாப்பில் இருக்கிறது. தனிப் பைப், தனிப் பாக்ஸ். பக்கத்துப் பக்கத்தில் நீளமாக ஓடினால் ஒரு அடி தள்ளி, குறுக்கே கடந்தால் நேர் குறுக்காக. நெட் பைப்பில் இரண்டு மீட்டருக்கு ஒரு நீல டேப் சுற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் அவசரத்தில் யாராவது ஃபேன் வயரை அதில் விட்டுவிடுவார்கள்.

எல்லாப் பாயிண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும். கரண்ட் மாதிரி ஒரு பாக்ஸிலிருந்து இன்னொன்றுக்கு லூப் அடிப்பது நெட்டில் செல்லாது. அந்த ஒரே இடம் எது? மாடிப்படிச் சுவரில், டிபியிலிருந்து நாலைந்து அடி தள்ளி, இரண்டு பிளக் உள்ள ஒரு சின்ன அலமாரி போதும், அந்தப் பிளக் இன்வெர்ட்டர் குழுவில் இருக்கட்டும். ஃபைபர் கொடுக்க வருகிறவர் கம்பத்திலிருந்து இழுத்து ஜன்னல் சட்டத்தைத் துளைத்து ஹாலில் தொங்கவிட்டுப் போவார், அவர் வழக்கம் அது. வெளிச்சுவரிலிருந்து இந்த அலமாரிக்கு வளைவு அதிகமில்லாத 25 எம்எம் பைப் ஒன்று தயாராக இருந்தால் அவரும் சந்தோஷமாக அதில் விடுவார். அலமாரி இரும்பாக இருந்தால் வைஃபை வீசுகிற பெட்டியை அதற்குள் வைக்காதீர்கள், கதவு சாத்தினால் அலையும் சாத்திக்கொள்ளும்.

எத்தனை பாயிண்ட்? உங்கள் வீட்டுக்கு நான் போடுவது: மனைவியின் மேஜைக்கு 2, டிவிக்கு 2, படுக்கை அறை மூன்றுக்கும் ஒவ்வொன்று, சீலிங்குக்கு 2, கேமராவுக்கு 4, வாசல் கேட்டுக்கு 1, பிள்ளைகள் படிக்கிற இடத்துக்கு 1. பதினைந்து ஆயிற்று. ஒன்றுக்குச் சராசரி 17 மீட்டர் வைத்தால் 255 மீட்டர், கேட் 6 என்கிற ரக நெட் வயர் பெட்டி ஒன்றில் 305 மீட்டர் வரும். ஒரே பெட்டியில் முடிந்துவிடும். கேட் 6ஏ வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். கேட் 6 வயரே 55 மீட்டர் வரைக்கும் 10 கிகாபிட் தாங்கும், உங்கள் வீட்டில் 30 மீட்டரைத் தாண்டுகிற ஓட்டமே இல்லை. அந்தப் பணத்தை நல்ல செம்பில் போடுங்கள், ஏனென்றால் பாதி விலைக்குக் கிடைப்பது அலுமினியத்தின்மேல் செம்புப் பூச்சு. பிளேடால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். கேமராவுக்கும் ஆக்ஸஸ் பாயிண்டுக்கும் கரண்டும் அந்த வயரிலேயேதான் போகப்போகிறது, அந்த அலுமினியம் அதில் சூடாகும், நாளாவட்டத்தில் சாக்கெட்டில் அழுத்திப் பொருத்திய இடத்தில் ஒடியும்.

25 எம்எம் பைப்பில் நாலு கேட் 6-க்கு மேல் வேண்டாம். கரண்ட் வயர் மாதிரி பலம் போட்டு இழுத்தால் உள்ளே முறுக்கு அவிழ்ந்து வயர் வீணாகும், வெளியே பார்த்தால் தெரியாது. ஆகவே நெட் வயரை, பூச்சு முடிந்து பெயிண்டுக்கு முன்னால், நிதானமாக இழுக்கச் சொல்லுங்கள், இரண்டு முனையிலும் நம்பர் எழுதி ஒட்டி, பாக்ஸில் ஒரு அடி மிச்சம் சுருட்டி வைத்து. எட்டு இழையையும் ஒரே சாக்கெட்டில் முடிக்க வேண்டும். நாலு நாலாகப் பிரித்து ஒரு வயரில் இரண்டு பாயிண்ட் கொடுக்கிற கெட்டிக்காரத்தனம் நம் ஊரில் உண்டு, அதில் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது. 300 பிளானுக்குப் பணம் கட்டிவிட்டு வேகம் பார்த்தால் 94, 95-லேயே நிற்கிறது என்று யாராவது சொன்னால், நெட் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் அந்த வயரில் ஏதோ ஒரு இழை சேரவில்லையா என்று பார்க்கச் சொல்வேன், பெரும்பாலும் அதுதான். நிற வரிசை இரண்டு பக்கமும் 'பி' முறை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. இந்த வேலையைக் கரண்ட் ஆளிடம் கொடுக்காமல் கேமரா, நெட்வொர்க் செய்கிற ஒருவரை அரை நாள் கூப்பிட்டு, டெஸ்டர் வைத்து பதினைந்தையும் உங்கள் கண் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்வெர்ட்டர் வாங்கியதும் அதன் பின்பக்கத்தில் 'யூபிஎஸ்' என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அந்தப் பக்கம் தள்ளி வையுங்கள். இல்லையென்றால் கரண்ட் போகும் ஒவ்வொரு தடவையும் ரவுட்டர் ஒரு நிமிஷம் செத்துப் பிழைக்கும், மனைவியின் மீட்டிங் அதோடு போகும்.

வயரிங் எல்லாம் முடிந்ததும், ஈபி இணைப்பு வருவதற்கு முன்னால், மெகர் (வயரில் கசிவு இருக்கிறதா என்று அளக்கிற கருவி) வைத்து ஒவ்வொரு சர்க்யூட்டையும், எர்த் டெஸ்டர் வைத்து எர்த்தையும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். டிபி கதவின் உட்பக்கம் எந்த எம்சிபி எந்த அறை என்று தமிழில் ஒரு தாள் ஒட்டுங்கள், மாமனாருக்கும் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில். ஆர்சிசிபி ஒவ்வொன்றிலும் 'டி' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அதை அழுத்துங்கள், விழ வேண்டும். விழவில்லை என்றால் அன்றைக்கு அந்த லைனில் கீசர் போட வேண்டாம், வயர்மேனைக் கூப்பிடுங்கள்.